இருபத்து நான்கு கையெழுத்து: செட்டிநாட்டில் வீடு வாங்குவதும் வாடகைக்கு விடுவதும்

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த என் சித்தப்பா மகன், பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீடு விலைக்கு வருகிறது, கூட வந்து பாருங்கள் என்று அழைத்துப் போனான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு, 'ஊர்ல ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன' என்ற ஆசை. வீடு நன்றாகத்தான் இருந்தது. முகப்புத் திண்ணை அப்படியே இருக்கிறது, நடு முற்றமான வளவில் ஆத்தங்குடித் தரைக்கல் தேயவில்லை, இரண்டாங்கட்டில் மட்டும் ஓடு சரிந்து மழை இறங்கியிருக்கிறது. தம்பி அண்ணாந்து தேக்கு உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வளவைச் சுற்றியிருந்த அறைக் கதவுகளைப் பார்த்தேன். பதினோரு கதவு, பதினோரு பூட்டு. சில பழைய பித்தளைப் பூட்டு, துருவேறிய இரும்புப் பூட்டு இரண்டு மூன்று, ஒன்று மட்டும் பளபளவென்று புதிது. காவலுக்கு இருந்த பெரியவரிடம் எல்லாவற்றையும் திறந்து காட்டச் சொன்னால், "எங்கிட்ட முகப்புச் சாவியும் அடுப்படிச் சாவியும்தான் தம்பி. மத்ததெல்லாம் அவுகவுககிட்ட" என்றார்.

"54 லட்சம்தான் சொல்றாங்கண்ணே. மரத்துக்கே அந்தக் காசு போகும்" என்றான் தம்பி. தரகரிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும்? "எல்லாம் பேசி முடிச்சாச்சு சார், ரெண்டு பேருதான் பாக்கி" என்று பதில் வந்தது. முதல்முறையாக இந்தப் பக்கத்தில் சொத்து வாங்க வருகிறவர்கள் சதுர அடிக்கு என்ன விலை, ரோடு எவ்வளவு தூரம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மற்ற ஊர்களுக்கு அது சரி. செட்டிநாட்டில் முதல் கேள்வி கையெழுத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும். இங்கே ஒரு வீடு சும்மா பூட்டிக் கிடக்கிறதென்றால், வாங்க ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் விற்க ஆட்களைச் சேர்க்க முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

அதற்குக் காரணம் வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவை ஒட்டி ஓர் அறை ஒதுக்குவார்கள். சமையலும் வரவு செலவும் தனித்தனி, கூரை மட்டும் ஒன்று. வீடு மட்டும் பொதுவில் நின்றுவிடும். பர்மா, மலாயா, இலங்கை என்று தொழில் போன காலம் முடிந்து பிள்ளைகள் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போன பிறகும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து கூடுவதற்குப் பாட்டன்மார் வீடான ஐயாக்கள் வீடு வேண்டும் என்று யாரும் பாகம் பிரிக்கவில்லை. பூட்டுகள் பெருகியது அப்படித்தான்.

தம்பியை வீட்டுக்கு அழைத்து வந்து, தரகர் கொடுத்த விவரத்தை வைத்து ஒரு தாளில் வம்சாவளி போட்டோம். வீட்டைத் தன் சம்பாத்தியத்தில் கட்டிய பெரியவர் உயில் எழுதாமல் 1960-களில் இறந்திருக்கிறார். மகன்கள் நால்வர், மகள்கள் இருவர், ஆக ஆறு கிளை. அந்த ஆறு பேரும் அவர்கள் துணைகளும் இப்போது இல்லை. கிளைக்கு மூன்று பிள்ளைகள் என்று பதினெட்டுப் பேர். அதில் மூன்று பேர் காலமாகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஒன்பது பேர் உள்ளே வருகிறார்கள். பதினைந்தும் ஒன்பதும் இருபத்து நான்கு. கடைசியில் சொன்ன ஒன்பது பேரில் ஒருவருக்கு வரும் பங்கு ஐம்பத்து நான்கில் ஒன்று, அதாவது ஒரு லட்ச ரூபாய். அவர் அமெரிக்காவில் இருந்தால் வந்துபோகும் விமானச் செலவே அதைத் தின்றுவிடும். அவர் ஏன் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடப்போகிறார்?

தரகரின் 'ரெண்டு பேர் பாக்கி' கணக்கில் மகள்வழிக் கிளைகள் இரண்டும் இல்லவே இல்லை. கேட்டால், "பொம்பளைப் பிள்ளைகளுக்கு அப்பவே சீர் செஞ்சாச்சே" என்கிறார். சீர் செய்தது உறவுக்கு. சட்டத்துக்கு அது, பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் ஆகாது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு மாதிரி போகும். 1989 மார்ச் 25 அன்று கல்யாணமாகாமல் இருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமையைத் தமிழ்நாடு அப்போதே கொடுத்துவிட்டது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையை இந்தத் திருத்தம் தொடாது. ஆகவே பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். இருந்தால் பாதித் தலைவலி குறையும்.

சுவீகாரமும் இந்தப் பக்கத்தில் அதிகம். ஒரு வீட்டுப் பிள்ளை இன்னொரு வீட்டுக்குச் சுவீகாரம் போய்விட்டால் அதற்குப் பிறகு பிறந்த வீட்டுச் சொத்தில் அவருக்கு வாரிசுரிமை கிடையாது; போவதற்கு முன்பே அவருக்கென்று வந்து சேர்ந்த சொத்து மட்டும் அவரோடு போகும். எனவே வம்சாவளி எழுதும்போது யார் யார் எங்கே சுவீகாரம் போனார்கள், எங்கிருந்து வந்தார்கள், அதற்குப் பத்திரம் உண்டா என்று கேட்டே ஆகவேண்டும். அப்புறம் பெயர்க் குழப்பம். மூத்த பேரனுக்கு ஐயா பெயரை வைப்பது வழக்கம். ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே விலாசம், ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருக்கும். பட்டாவில் உள்ள பெயரைக் காட்டி 'இதோ நான்தான்' என்று பேரன் சொல்லலாம். அந்தப் பட்டா ஐயா காலத்தில் ஏறியதாக இருக்கும். பட்டாவின் தேதியையும் வாரிசுச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது எந்தத் தலைமுறை என்று பிடிபடும்.

இருபத்து நான்கு பேரைச் சேர்க்க முடியாதபோது தரகர்கள் ஒரு குறுக்குவழி சொல்வார்கள். "ஒருத்தர் பங்கை மட்டும் வாங்கிப் போட்டுருங்க சார், மத்தவங்க தன்னால வந்துருவாங்க." பங்கு விலை கொள்ளை மலிவாக இருக்கும், இருக்கத்தான் வேண்டும். பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள், அந்த வீட்டில் கூட்டாகக் குடியேற உரிமை கேட்க முடியாது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது. சரி, கோர்ட்டுக்குப் போய்ப் பாகம் பிரித்துக்கொள்ளலாம் என்றால், அங்கே 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு காத்திருக்கிறது. குடும்பத்துப் பங்குதாரர் ஒருவர், கோர்ட் மதிப்பிடும் விலையைக் கொடுத்து அந்தப் பங்கைத் தானே எடுத்துக்கொள்ளக் கேட்கலாம். அதாவது பணம் போட்டு, வக்கீல் வைத்து, பல வருடம் நடந்து, கடைசியில் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வரும் யோகம்தான்.

இன்னொரு குறுக்குவழி பவர் பத்திரம். பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் உள்ளூர்ப் பங்காளிக்குப் பவர் கொடுப்பது சகஜம். அது தவறும் இல்லை. ஆனால் வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டப்பட்டிருக்க வேண்டும். கொடுத்தவர் இறந்துபோனால் சாதாரணப் பவர் அவரோடு முடிந்தது. பவர் வாங்கியவர் கிரயம் எழுதிக் கொடுக்க வரும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று கேட்பார்கள். பவர் பத்திரமும் பணம் கொடுத்த ரசீதும் மட்டுமே கையில் இருந்தால் வீடு உங்களுடையது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. இன்னும் 'பவர்ல வாங்கிருக்கேன்' என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்க்கிறேன். விற்பவர் வெளிநாட்டில் குடியிருந்தால் வருமான வரிப் பிடித்தமும் வாங்குபவர் தலையில்தான். உள்ளூர்க்காரரிடம் வாங்கினால் 50 லட்சத்திலிருந்துதான் 1 சதவீதப் பிடித்தம். வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்த வரம்பு கிடையாது, விகிதமும் அதிகம். அதைப் பிடிக்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் வரித்துறை உங்களைத்தான் தேடி வரும்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அவர்கள் குடும்பத்தை நீ ஒன்று சேர்க்காதே. முதலில் அவர்களே விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ போட்டு ஒருவர் அல்லது இருவர் பெயருக்குக் கொண்டுவரட்டும். சட்டம் 'குடும்பம்' என்று வரையறுக்கும் உறவுகளுக்குள் என்றால் இதற்குச் செலவு குறைவு: முத்திரைத் தீர்வை 1 சதவீதம், ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. இந்த உச்சவரம்பு 2023 ஜூலையில் உயர்ந்தது. அதன் பிறகு கிரய ஒப்பந்தம் போடு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்வதில் பயனில்லை. ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கைமாறக் கூடாது. 'பத்திரத்தில் பாதி, கையில் மீதி' என்பவரிடம் வாங்குவதைவிட வாங்காமல் இருப்பதே லாபம்.

மனைக்கு வேறு கண் வேண்டும்

பழைய வீடு வேண்டாம் என்று ஒதுங்குபவர்கள் அடுத்து போய் நிற்கும் இடம் பிளாட். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது, சுற்றியுள்ள பேரூராட்சி, ஊராட்சிகள் சிலவும் உள்ளே வந்தன. உடனே கலர்க் கொடிகளும் வெள்ளை அடித்த கல்லும் தேவகோட்டை ரஸ்தா வரை முளைத்துவிட்டன. இங்கே கையெழுத்துப் பிரச்சினை குறைவு, அனுமதிப் பிரச்சினை அதிகம். நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு எண்ணும் வேண்டும். இரண்டையும் இணையத்தில் நாமே போட்டுப் பார்க்கலாம். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்வது லேஅவுட் ஒப்புதல் ஆகாது. ஒப்புதல் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-இல் விதி கொண்டு வந்தது உண்மை. ஆனால் அது 2016 அக்டோபர் 20-க்கு முன்பே போடப்பட்ட மனைகளுக்கு மட்டும்.

கண்மாயும் ஊருணியும்தான் இந்த மண்ணுக்குத் தண்ணீர். அவற்றுக்கு வரும் வரத்துக்கால் சித்திரையில் பார்த்தால் வெறும் பள்ளம், அதைத் தூர்த்துக் கொடி நட்டால் மனை. மனையைப் பார்க்க ஐப்பசி கார்த்திகையில் போங்கள், ஒரு நல்ல மழைக்கு மறுநாள் காலையில். புலப்படத்தை வாங்கி ஓடை கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் புறம்போக்கா, கோயில் நிலமா, பட்டா நிலமா என்று தெரிந்துவிடும். இந்த வேலைக்கு ஆகும் செலவு ஒரு நல்ல ஓட்டல் சாப்பாட்டுக் காசுகூட இருக்காது.

வில்லங்கச் சான்றை எல்லோரும் போடுகிறார்கள், எனவே அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வில்லங்கத்தில் ஏறாத வில்லங்கம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

ஒத்தி என்னும் கடன்

நம் பக்கத்தில் வாடகையோடு கூடவே புழங்கும் முறை ஒத்தி. குடிவருபவர் மொத்தமாக ஒரு தொகை, நான்கு லட்சமோ ஐந்து லட்சமோ கொடுப்பார். வாடகை கிடையாது. பேசிய இரண்டு மூன்று வருடம் முடிந்ததும் வீட்டை விட்டுவிட்டு அதே தொகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார். வட்டிக்குப் பதிலாக வீடு, வாடகைக்குப் பதிலாக வட்டி. சட்டத்தின் கண்ணில் இது அடமானம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள இத்தகைய அடமானம் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பதிவாக வேண்டும். நடப்பில் பலரும் சாதாரண முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். அது வில்லங்கச் சான்றில் வராது. நீங்கள் வீட்டை வாங்கிய பிறகு, "எனக்கு அஞ்சு லட்சம் வரணும், குடுத்துட்டா காலி பண்றேன்" என்று ஒருவர் உள்ளே உட்கார்ந்திருப்பார். ஆகவே குடியிருக்கும் வீட்டை வாங்கப் போனால் உடமைக்காரரிடம் பேசியது போதாது. கதவைத் தட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நீங்க வாடகையா, ஒத்தியா?" என்று குடியிருப்பவரிடமே கேட்டுவிடுங்கள்.

ஒத்திக்கு விடுபவர்களும் ஏமாறுவது இங்கேதான். கைக்கு வந்த தொகை வருமானம்போலத் தெரியும், உண்மையில் அது திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். அந்தப் பணத்தில் மகள் கல்யாணத்தை முடித்துவிட்டு, பிறகு அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் முந்தையவரை அனுப்ப முடியும் என்று பல வருடம் சுற்றிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

இதையே நான் சின்ன அளவில் செய்திருக்கிறேன் என்பதால் உபதேசம் பண்ண எனக்கு யோக்கியதை குறைவு. கழனிவாசல் பக்கம் எங்களுக்குக் கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன் வீடு ஒன்று இருக்கிறது. மேல் போர்ஷனுக்கு முதலில் வந்தவர் கொடுத்த அட்வான்ஸில் மாடிப்படிக்குக் கிரில் போட்டுவிட்டேன். ஏழு மாதத்தில் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்து, பத்து நாளில் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினார். கிரில்லைக் கழற்றியா கொடுக்க முடியும்? வீட்டில் வளையல் அடகுக்குப் போனது. அதற்குப் பிறகு அட்வான்ஸ் பணத்துக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்திருக்கிறேன், அந்தப் பாஸ்புக்கை என் கையில் கொடுப்பதில்லை என்று வீட்டில் முடிவு.

வாடகையில் என்ன மிஞ்சும்?

கணக்கைப் போட்டுவிடலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு போர்ஷன் வீடு 45 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், 4,05,000. பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறதே என்பார்கள். 2025 ஏப்ரலில் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். சின்ன மனைக்கு உதவும், இந்த வீட்டுக்கு உதவாது. எழுத்துக்கூலி, வக்கீல், குடிவைப்பதற்கு முன் செய்யும் பிளம்பிங், வெள்ளையடிப்பு எல்லாம் சேர்த்து 50 லட்சம் என்று வையுங்கள். போர்ஷனுக்கு 8,000 வாடகை என்றால் வருடத்துக்கு 1,92,000. வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று 16,000-ஐக் கழியுங்கள். சொத்து வரி, மோட்டார் ரிப்பேர், மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் என்று வருடத்துக்கு ஒரு 36,000. மிச்சம் 1,40,000. ஐம்பது லட்சத்துக்கு இது 2.8 சதவீதம். வட்டிக்கணக்கில் ஊறிய ஊர் இது; இந்த எண்ணை ஒரு பழைய செட்டியாரிடம் காட்டினால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்மைப் பார்ப்பார். அதே பணம் வங்கி வைப்பில் இரண்டு மடங்குக்கு மேல் தரும்.

கடன் வாங்கி வாங்கினால் நிலைமை இன்னும் வெளிப்படை. 30 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 26,000 ரூபாய்ச் சொச்சம். வாடகை 16,000. மாதா மாதம் பத்தாயிரம் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். 'வாடகையே இ.எம்.ஐ. கட்டிரும்' என்று யாராவது சொன்னால் எந்த ஊர் வாடகை, எந்த ஊர் இ.எம்.ஐ. என்று கேளுங்கள்.

அப்படியானால் ஏன் வாங்குகிறார்கள்? மனை விலை ஏறும் என்ற நம்பிக்கை, ஓய்வுக்குப் பிறகு ஊருக்கு வந்துவிடலாம் என்ற எண்ணம். இரண்டும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் முதல் காரணத்துக்கு வாங்குபவர் மண்ணைப் பார்த்து வாங்க வேண்டும், இரண்டாவது காரணத்துக்கு வாங்குபவர் வீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். வாடகைக்காக வாங்குபவர் பார்க்க வேண்டியது குடிவரும் ஆளை. காரைக்குடியில் அந்த ஆள் யார் என்பது ஓரளவு தெளிவு. அழகப்பா பல்கலைக்கழகம், அதைச் சுற்றியுள்ள கல்லூரிகள், 1953 முதல் இயங்கும் சிக்ரி என்னும் மின்வேதியியல் ஆய்வகம், வங்கிகள், மருத்துவமனைகள் இவற்றுக்கு வந்துபோகும் ஊழியர்களும் மாணவர்களும்தான். கல்லூரி ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள சின்ன போர்ஷன் காலியாகக் கிடப்பதில்லை. உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கும் பெரிய வீட்டுக்கு வாடகைக்கு ஆள் கிடைப்பது அபூர்வம். காவலுக்கு நாம்தான் சம்பளம் கொடுக்க வேண்டும்.

குடிவைப்பதற்கு முன் பலரும் சுற்றி வளைத்துக் கேட்கும் கேள்வி 'நீங்க எந்த ஊரு, என்ன ஆளுக?' என்பது. இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு வந்த பதிலுக்கும் வாடகை ஒழுங்காக வந்ததற்கும் நான் ஒரு தொடர்பையும் கண்டதில்லை. வேலை பார்க்கும் இடத்தின் அடையாள அட்டையும், முந்தைய வீட்டுக்காரரிடம் பேசிய ஐந்து நிமிடமும் அதைவிட நூறு மடங்கு சொல்லும்.

எழுதிக்கொள்வது பற்றி. தமிழ்நாட்டில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை எவ்வளவு என்பதை இப்போது இருவரும் பேசி முடிவு செய்துகொள்வதுதான். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். பதினோரு மாதத்துக்கு எழுதினால் போதும் என்று இன்னும் சொல்கிறார்கள். பதினோரு மாதம் என்பது சார்பதிவாளரிடம் போவதைத் தவிர்க்கத்தான் உதவும், இந்தப் பதிவைத் தவிர்க்க அல்ல. வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, திருப்பிக் கொடுக்க வேண்டும். என் கிரில் கதை ஞாபகம் இருக்கட்டும்.

வீட்டுக்காரர்கள் கோபத்தில் செய்யும் இரண்டு காரியங்களை இந்தச் சட்டம் நேரடியாகத் தடுக்கிறது. வாடகை தரவில்லை என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. மாற்றுச் சாவி இருக்கிறதே என்று சொல்லாமல் உள்ளே போகக் கூடாது. 24 மணி நேரம் முன்னால் தகவல் கொடுக்க வேண்டும். இரண்டு மாத வாடகை நின்றுபோய், நோட்டீஸ் கொடுத்தும் வரவில்லை என்றால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டாலும் போகலாம். அங்கே உங்கள் கையில் எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும், வாடகை வங்கி வழியாக வந்த கணக்கும் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

சட்டத்தைவிட அடிக்கடி சண்டை மூட்டுவது மின்சார மீட்டர்தான். ஒரே இணைப்பில் இரண்டு போர்ஷனையும் வைத்து, சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு விலை வைப்பார். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது குடியிருப்பவருக்கும் தெரியும், அது தன் கைக்கு வரவில்லை என்பதும் தெரியும். போர்ஷனுக்கு ஒரு இணைப்பு வாங்கி, அவர்கள் பில்லை அவர்களே கட்டும்படி விட்டுவிட்டால் பாதி மனத்தாங்கல் குறையும். பொது மோட்டாருக்கு மட்டும் தனியாக ஒரு மீட்டர் இருந்தால் அதைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் சேருங்கள்: குழாய் வாஷரும் பல்பும் குடியிருப்பவர் செலவு, மோட்டாரும் மேல்தளக் கசிவும் வீட்டுக்காரர் செலவு. இந்த ஒரு வரி இல்லாததால் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த இரண்டு வீட்டாரை எனக்குத் தெரியும்.

வருமான வரியில் பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்துவிட்டு, மிச்ச வாடகையில் 30 சதவீதத்தைச் செலவுக்கென்று அப்படியே கழித்துக்கொள்ளலாம். ரசீது கேட்க மாட்டார்கள்.

'பெரிய வீட்டை வாங்கி ஹெரிடேஜ் ஓட்டல் ஆக்கிடலாம்ல?' என்பது தம்பியின் கடைசி அஸ்திரம். கானாடுகாத்தானில் விசாலம், காரைக்குடியில் பங்களா, கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் என்று அவன் அடுக்கினான். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருப்பதையும் எங்கோ படித்திருக்கிறான். அவையெல்லாம் உண்மைதான், ஆனால் அவை வீட்டு வாடகை அல்ல, ஓட்டல் தொழில். ஆள் வேண்டும், சமையல் வேண்டும், உரிமங்கள் வேண்டும், சென்னையிலிருந்து போனில் நடத்த முடியாது. ஓடு இறக்கி மாற்றவும் சுண்ணாம்புப் பூச்சைச் செப்பனிடவும் தெரிந்த கொத்தனார் கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் அவர் சொல்கிற நாளில்தான் வருவார். வாங்கிய விலை அளவுக்குச் செப்பனிடும் செலவும் வரும் என்று எடுத்துக்கொண்டு அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் இறங்கு என்றேன்.

அவன் வாங்குவதாகவும் இல்லை, விடுவதாகவும் இல்லை. வம்சாவளித் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். அட்வான்ஸ் எதுவும் கொடுக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மற்றவர்களைப் பிடித்து விடுதலைப் பத்திரம் வாங்கும் வேலையில் இறங்கியிருக்கிறார், அவரோடு அவ்வப்போது பேசிக்கொள்கிறான். மகள்வழிக் கிளை ஒன்றில் ஓர் ஆச்சி, "எனக்குக் காசு வேணாம், வளவுல எங்கம்மா கும்புட்ட சாமி படம் ஒண்ணு இருக்கும், அதைக் குடுத்தாப் போட்டுத் தர்றேன்" என்றாராம். அது எந்தப் பூட்டுக்குள் இருக்கிறதென்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "அண்ணே, பத்தொன்பது ஆச்சு."